வயலிலும் வேண்டும் ஓர் அளவுகோல்

ஹைதராபாத் நகரின் பாலாநகர், பட்டறைகளால் பெயர் பெற்ற பகுதி. லேத், மில்லிங், அச்சு தயாரிப்பு எனச் சிறு தொழிற்கூடங்கள் நெருங்கி நிற்கும் இவ்விடத்தில்தான் 1968ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம் இயங்கி வருகிறது. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் பிரிவு ஒன்றும் இங்கே உள்ளது. இங்குள்ள நல்ல பட்டறை எதிலும், கடைந்தெடுத்த உதிரிப் பாகம் மைக்ரோமீட்டரின் பிடிக்குள் சென்று வராமல் வாடிக்கையாளரின் கைக்குப் போவதில்லை. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் அந்தப் பாகம் ஒதுக்கப்படும். கண்ணுக்குச் சரியாகத் தெரிகிறது என்பதை இங்கு யாரும் சான்றாக ஏற்பதில்லை.

இத்தகைய பட்டறைகளில் உழைப்பவர்களில் பலர் உழவுக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். நல்கொண்டாவிலோ, மகபூப்நகரிலோ, தொலைவில் தருமபுரியிலோ, திருவண்ணாமலையிலோ அவர்களுக்கு இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் நிலம் இருக்கும். அண்ணனோ தம்பியோ அதைப் பார்த்துக்கொள்வார். பருவம் தொடங்கும்போது இங்கிருந்து வங்கிக் கணக்கு வழியாகப் பணம் போகும். விதை, உரம், ஆள்கூலி என்ற பழைய செலவுகளோடு அண்மைக் காலத்தில் புதிய செலவு ஒன்றும் சேர்ந்திருக்கிறது. உரக்கடைகளில் 'டானிக்' என்ற பொதுப்பெயரில் விற்கப்படும் இயற்கை உயிர் ஊக்கிகள்தாம் அவை. கடற்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம், அமினோ அமிலம், நுண்ணுயிர்த் திரவம் என்று அவற்றுக்குப் பல வடிவங்கள் உண்டு. வறட்சியையும் வெப்பத்தையும் உவர்ப்பையும் பயிர் தாங்கி நிற்க இவை உதவும் என்று புட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும்.

அந்தக் கூற்றில் உண்மை இருக்கிறது. எனினும் எந்தப் புட்டியில், எந்தப் பயிருக்கு, எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதைக் கடையில் நின்றபடி அறிய முடியாது. அதனை அறிவதற்கான அளவுகோல் உழவரின் சொந்த வயலிலேயே இருக்கிறது என்பதும், அதைப் பயன்படுத்தாமல் கடன் பணத்தை ஊக்கிகளில் செலவிடலாகாது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

நெருக்கடியில் பயிர் என்ன செய்கிறது?

மழை பத்து நாட்கள் தள்ளிப் போகிறது என்று கொள்வோம். வேர்ப்பகுதியில் ஈரம் குறைவதை உணர்ந்த பயிர், அப்சிசிக் அமிலம் என்னும் இயக்குநீரைச் சுரக்கிறது. அதன் விளைவாக இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. நீர் வெளியேறுவது குறைகிறது. ஆனால் அதே துளைகள் வழியாகத்தான் கரியமிலவாயுவும் உள்ளே வர வேண்டும். வாயு வராமல் ஒளிச்சேர்க்கை தடைபட, வெயில் மட்டும் முன்போலவே இலையின் மேல் அடிக்கிறது. பயன்படுத்தப்படாத அந்த ஒளியாற்றல், வினைமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கி இலையின் உயிரணுச் சவ்வுகளைச் சிதைக்கிறது. வாட்டம் என்று நாம் புறத்தே காண்பதற்கு முன்பே உள்ளே இச்சேதம் தொடங்கிவிடுகிறது.

வெப்பத்தின் கதை வேறு. நெல் பூக்கும் தருணத்தில் வெப்பநிலை 35 பாகை செல்சியசைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதர் மிகுகிறது. உவர் நிலத்திலோ சோடியம் மிகுந்து, நீர் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாத நிலை ஏற்படுகிறது.

பயிர் இவற்றையெல்லாம் கைகட்டிக்கொண்டு ஏற்பதில்லை. புரோலின் போன்ற பொருட்களையும் சர்க்கரைகளையும் உயிரணுக்களில் சேர்த்து நீரைப் பிடித்துவைக்கிறது. ஆக்சிஜன் மூலக்கூறுகளை அடக்கும் நொதிகளைப் பெருக்குகிறது. வேரை ஆழத்துக்கு அனுப்புகிறது. இந்தத் தற்காப்பு இயல்பாகவே பயிருக்குள் உள்ளது. அதைச் சற்று முன்கூட்டியே, சற்று வலுவாக எழுப்பிவிடுவதே உயிர் ஊக்கியின் வேலை. கடற்பாசிச் சாற்றில் உள்ள பீட்டைன்களும் சைட்டோகைனின் போன்ற இயக்குநீர்களும், பழுப்பு நிலக்கரி போன்றவற்றிலிருந்து பிரிக்கப்படும் ஹியூமிக் பொருட்களும், புரதங்களைச் சிதைத்துப் பெறும் அமினோ அமிலங்களும் வெவ்வேறு வழிகளில் இந்தப் பணிக்கு உதவுகின்றன. கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வறட்சியைத் தாங்குவதற்காகப் பரிந்துரைக்கும் பி.பி.எஃப்.எம். என்னும் திரவத்தில் இருப்பது மெத்தைலோபாக்டீரியம் என்ற நுண்ணுயிர். இலை வெளியிடும் மெத்தனாலை உண்டு இலைப்பரப்பிலேயே வாழும் அது, பயிருக்கு வேண்டிய இயக்குநீர்களைக் கைம்மாறாகத் தருகிறது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, ஊக்கி நீருக்கு மாற்று ஆகாது. தாங்கும் நாட்களைச் சற்று நீட்டித்துத் தரலாம், மழையை வரவழைக்காது. இரண்டாவது, காலம் முக்கியம். தற்காப்பைத் தட்டியெழுப்பும் பொருளைச் சேதம் நிகழ்வதற்கு முன்போ, அது தொடங்கும் கட்டத்திலோ தர வேண்டும். இலை கருகிய பின் தெளிப்பது, வீடு எரிந்த பின் கிணறு வெட்டுவதைப் போன்றது.

புதிய பெயர், பழைய அறிவு

உயிர் ஊக்கி என்பது புதிய சொல்லாக இருக்கலாம்; எண்ணம் பழையது. சாணம், கோமியம், பால், தயிர், நெய் ஆகியவற்றோடு வெல்லமும் இளநீரும் வாழைப்பழமும் சேர்த்து ஊறவைக்கும் பஞ்சகவ்யம் இன்று தமிழகத்துச் சிற்றூர்களில் பரவலாக அறியப்பட்டது. நூறு லிட்டர் நீருக்கு மூன்று லிட்டர் என்ற அளவில் அதைத் தெளிக்கிறார்கள். தேமோர்க் கரைசல், மீன் அமிலம் ஆகியனவும் இவ்வகையே. பாலாநகருக்கு அண்டையிலுள்ள செகந்திராபாத்தில் வேளாண் அறிஞர் ஒய்.எல். நேனே நிறுவிய ஆசிய வேளாண் வரலாற்று அறக்கட்டளை, சுரபாலர் இயற்றிய 'விருக்ஷாயுர்வேதம்' என்னும் வடமொழி நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பை 1996ஆம் ஆண்டு வெளியிட்டது. மீனையும் ஊனையும் நீரில் வேகவைத்து நொதிக்கச் செய்து மரங்களுக்கு ஊற்றும் 'குணபஜலம்' பற்றி அந்நூல் பேசுகிறது. புரதத்தைச் சிதைத்து அமினோ அமிலங்களாக்கி விற்கும் இன்றைய முறைக்கு அது தொலைதூர உறவு என்று சொன்னால் மிகையாகாது.

பழமையைப் போற்றுவது நன்று. ஆயினும் பழமை மட்டுமே சான்றாகிவிடாது. வீட்டில் காய்ச்சும் கரைசலின் தரம் ஒவ்வொரு முறையும் மாறும். அதில் பெரும் பண இழப்பு இல்லாததால் அந்த மாற்றத்தை உழவர் பொறுத்துக்கொள்ளலாம். கடையில் ரூபாய் கொடுத்து வாங்கும் புட்டிக்கு அந்தச் சலுகையைத் தர வேண்டியதில்லை.

மண்டபம் கடலோரம் சொல்லும் பாடம்

இயற்கை ஊக்கிகளில் இந்தியாவின் சொந்த முயற்சி என்று பெருமையுடன் சொல்லத்தக்கது கடற்பாசிச் சாறு. குஜராத்தின் பாவ்நகரில் தலைமையகம் கொண்ட மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம், 'கப்பாபைகஸ்' என்னும் சிவப்புக் கடற்பாசியை 1980களில் இந்தியாவுக்குக் கொண்டுவந்து, இராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபத்தில் வளர்க்கும் முறையை உருவாக்கியது. பசுமையான பாசியைப் பிழிந்து வரும் சாற்றைப் பயிருக்கும், எஞ்சும் சக்கையை உணவுத் தொழிலுக்கு வேண்டிய கராஜீனனுக்கும் பயன்படுத்தும் வழியை அந்நிறுவனமே கண்டறிந்தது. மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் அளவுள்ள மூங்கில் மிதவைகளில் கயிறு கட்டி, அதில் பாசித் துண்டுகளை முடிந்து, ஏறத்தாழ 45 நாட்களில் அறுவடை செய்கிறார்கள். மண்டபம், பாம்பன் பகுதிகளின் பெண்கள் சுய உதவிக் குழுக்களாகச் சேர்ந்து வங்கிக் கடன் பெற்று இத்தொழிலில் இறங்கினர். நாடெங்கும் பல வேளாண் பல்கலைக்கழகங்களின் வயல்களில் இச்சாறு சோதிக்கப்பட்டு, விளைச்சல் கூடியதற்கான பதிவுகளும் உள்ளன. அதே பதிவுகள், பயிருக்கும் மண்ணுக்கும் தெளிக்கும் அளவுக்கும் ஏற்பப் பலன் மாறியதையும், செறிவு மிகும்போது பலன் குறைந்ததையும் காட்டுகின்றன.

மண்டபம் இன்னொன்றையும் கற்பிக்கிறது. 2013ஆம் ஆண்டு அங்கே வளர்ந்த பாசி பெருமளவில் அழிந்தது. அதன்பின் உற்பத்தி வெகுவாகச் சரிந்தது. நிலத்துப் பயிருக்கு வெப்பத்தைத் தாங்கும் துணையாக வரும் பாசியே, கடல்நீர் சூடேறும்போது தாங்க முடியாமல் மடியக்கூடியது. குருசடைத் தீவை ஒட்டிய பவளப்பாறைகளின் மேல் இப்பாசி படர்ந்து மூடுவதை ஆய்வாளர்கள் 2008ஆம் ஆண்டு வெளியிட்டு எச்சரித்ததும் உண்டு. 'இயற்கை' என்ற ஒரு சொல்லால் ஒரு பொருள் தீங்கற்றதாகவோ வரம்பற்றதாகவோ ஆகிவிடாது. அதைப் பெறுவதற்கு ஒரு கடலும், இடுப்பளவு நீரில் நின்று உழைக்கும் பெண்களும் விலை கொடுக்கிறார்கள். அத்தகைய பொருளை வீணாகத் தெளிப்பது இரட்டை இழப்பு.

முப்பதாயிரத்திலிருந்து அறுநூற்றைம்பதுக்கு

நெடுங்காலம் இப்பொருட்கள் சட்டத்தின் எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காமல் விற்கப்பட்டன. உரம் என்றால் உரக் கட்டுப்பாட்டு ஆணை உண்டு. பூச்சிக்கொல்லி என்றால் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் உண்டு. ஊக்கி இரண்டிலும் சேராது. 2021 பிப்ரவரியில்தான் மத்திய அரசு 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தி, உயிர் ஊக்கிகளை அதன் வரம்புக்குள் கொண்டுவந்தது. அதன்படி, தயாரிப்பாளர் தம் பொருளின் வேதியியல் விவரத்தையும், வயல்வெளிச் சோதனையில் அது பயன் தந்ததற்கான தரவையும், நச்சுத்தன்மை பற்றிய ஆய்வையும் அளிக்க வேண்டும். பூச்சிக்கொல்லியின் எச்சம் பத்து லட்சத்தில் 0.01 பங்குக்கு மேல் இருக்கலாகாது. இந்தக் கடைசி விதிக்குக் காரணம் உண்டு. 'இயற்கை' என்று பெயரிட்ட புட்டியில் பூச்சிக்கொல்லியைக் கலந்துவிட்டால் பயிரில் உடனடி மாற்றம் தெரியும், வாங்கியவர் மகிழ்ந்துபோவார், உண்பவர் நஞ்சை உண்பார்.

விற்பனை நின்றுவிடாமலிருக்கத் தற்காலிகப் பதிவு வழங்கப்பட்டது. அது சில முறை நீட்டிக்கப்பட்டு, 2025 ஜூன் நடுப்பகுதியோடு முடிவுக்கு வந்தது. மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் 2025 ஜூலையில் தெரிவித்த எண்ணிக்கைகள் சிந்திக்கத் தக்கவை. ஒரு காலத்தில் சுமார் 30,000 ஊக்கிகள் கட்டுப்பாடின்றி விற்கப்பட்டன. முந்தைய நான்கு ஆண்டுகளில் சுமார் 8,000 புழக்கத்தில் இருந்தன. கண்டிப்பான சோதனைக்குப் பிறகு எஞ்சியவை ஏறத்தாழ 650. எஞ்சாத அத்தனையும் போலி என்று இதற்குப் பொருளில்லை. சோதனைச் செலவைத் தாங்க முடியாத சிறு தயாரிப்பாளர்களும் அவற்றுள் இருக்கக்கூடும். ஆனால் அத்தனை பெயர்களுக்கும் உழவர் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது உறுதி. மானிய உரம் வாங்க வருபவரிடம் ஊக்கியையும் சேர்த்துத் திணிக்கும் வழக்கத்தை நிறுத்துமாறு அதே மாதம் மாநில முதல்வர்களுக்கு அமைச்சர் கடிதம் எழுதியதும் நினைவில் கொள்ளத்தக்கது.

ஆகவே முதல் அளவுகோல் சட்டம் தருவது. புட்டியின் மேல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் அனுமதி பெற்ற விவரம், உட்பொருட்களின் அளவு, எந்தப் பயிருக்கு, ஏக்கருக்கு எவ்வளவு, தயாரித்த நாள், காலாவதி நாள் ஆகியவை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ரசீது இல்லாமல் வாங்கலாகாது. நமக்கு வேண்டாத பொருளை யூரியாவோடு சேர்த்து வாங்கச் சொன்னால் மறுக்கும் உரிமை நமக்கு உண்டு.

அறுபத்து மூன்று கிலோவின் கணக்கு

அனுமதி பெற்ற பொருள் என்பதால் நம் வயலில் அது பயன் தந்தே தீரும் என்று சொல்ல இயலாது. இங்கேதான் இரண்டாவது அளவுகோல் தேவைப்படுகிறது. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஓர் ஏக்கர் நெல்லுக்கு இருமுறை தெளிக்க, பொருளும் ஆள்கூலியும் சேர்த்து 1,500 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 2025-26ஆம் ஆண்டுக்கான குறைந்தபட்ச ஆதரவு விலை சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். போட்ட பணம் திரும்ப வேண்டுமானால் ஏக்கருக்கு ஏறத்தாழ 63 கிலோ நெல் கூடுதலாக விளைய வேண்டும். நீண்ட இழைப் பருத்தியானால், 8,110 ரூபாய் என்ற ஆதரவு விலையில், 18 அல்லது 19 கிலோ.

ஏக்கருக்கு 2,100 கிலோ நெல் விளையும் வயலில் 63 கிலோ என்பது நூற்றுக்கு மூன்று பங்கு. ஒரே வயலின் மடைப்பகுதிக்கும் கடைப்பகுதிக்கும் இடையிலேயே இதைவிடப் பெரிய வேறுபாடு இயல்பாக இருக்கும். போன ஆண்டுக்கும் இந்த ஆண்டுக்குமான வேறுபாட்டைச் சொல்லவே வேண்டாம். எனவே, 'தெளித்தேன், நன்றாக விளைந்தது' என்ற கூற்றிலிருந்து எதையும் முடிவு செய்ய இயலாது. மழை நன்றாகப் பெய்திருக்கலாம். 'தெளித்தேன், பயிர் கரும்பச்சையானது' என்ற கூற்றும் அப்படியே. இலையின் பசுமை வேறு, களத்தில் குவியும் மணியின் எடை வேறு.

அப்படியானால் எப்படி அறிவது? தெளிக்காத ஒரு பட்டையை வயலில் விட்டுவைப்பதே வழி. சற்று விரிவாகச் சொன்னால், வயலில் அருகருகே இருக்கும்படி மூன்று இணைப் பட்டைகளைக் குச்சி நட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ஓர் இணை மடைப்பகுதியிலும், ஒன்று நடுவிலும், ஒன்று கடைப்பகுதியிலும் இருப்பது நல்லது. ஒவ்வோர் இணையிலும் ஒரு பட்டையில் ஊக்கியைத் தெளித்து, மற்றதில் வெறும் நீரைத் தெளிக்க வேண்டும். விதை, உரம், களையெடுப்பு, பாய்ச்சல் ஆகிய மற்ற எல்லாம் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அறுவடையின்போது ஒவ்வொரு பட்டையிலும் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து, தனித்தனியே அறுத்துக் காயவைத்து எடைபோட வேண்டும். பயிர்க் காப்பீட்டுக்காக நடத்தப்படும் அறுவடைப் பரிசோதனையிலும் நெல்லுக்கு இந்த அளவையே எடுக்கிறார்கள்.

அந்த 25 சதுர மீட்டரில் சுமார் 13 கிலோ நெல் கிடைக்கும். செலவை ஈடுகட்டும் கூடுதல் விளைச்சல் அதில் வெறும் 390 கிராம். எந்தக் கண்ணுக்கும் இது புலப்படாது. மளிகைக் கடைத் தராசுக்குப் புலப்படும். மூன்று இணைகளிலும் தெளித்த பட்டையே எடை கூடி நிற்பது தற்செயலாகவும் எட்டில் ஒரு முறை நிகழக்கூடும். ஆகவே ஒரு பருவத்து முடிவை வைத்துக் கொண்டாடவோ தூற்றவோ வேண்டாம். இரண்டு பருவங்களிலும் ஆறு இணைகளிலும் அப்படியே நிகழ்ந்தால், தற்செயலுக்கான வாய்ப்பு 64இல் ஒன்றாகக் குறைந்துவிடும். அப்போது அந்த ஊக்கியை நம்பிப் பணம் போடலாம். எடைக் கூடுதல் சராசரியாக 390 கிராமுக்குக் குறைவாக இருந்தால், அது பயன் தருகிறது, ஆனால் விலைக்குத் தகுந்த பயன் தரவில்லை என்று அறிந்துகொள்ளலாம்.

மறுப்புகளும் விடையும்

வறட்சி வராத ஆண்டில் சோதித்தால் வறட்சி ஊக்கியின் பயன் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆண்டுதோறும் மழை, வெயில் விவரங்களையும் எடையோடு சேர்த்துக் குறித்துக்கொண்டால் இதற்கு விடை கிடைக்கும். வறண்ட ஆண்டில் மட்டும் வேறுபாடு தெரிந்தால், அந்த ஊக்கியை ஒரு முன்னெச்சரிக்கைச் செலவாகக் கருதி, மழை தள்ளிப்போகும் முன்னறிவிப்பு வரும் பருவத்தில் மட்டும் வாங்கலாம். ஆனால் காப்பீட்டுக்கும் புட்டிக்கும் உள்ள வேறுபாட்டை மறக்கலாகாது. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் கரீப் உணவுப் பயிர்களுக்கு உழவர் செலுத்தும் பங்கு காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு. ரபி பருவத்தில் 1.5 விழுக்காடு. இழப்பு நேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பது அங்கே எழுதப்பட்டிருக்கிறது. புட்டி எந்த இழப்பீட்டையும் எழுதித் தருவதில்லை.

சிறு உழவருக்கு இத்தனை அளவைக்கு நேரமேது என்பது மற்றொரு மறுப்பு. ஆறு குச்சிகள், ஒரு அளவுநாடா, ஒரு தராசு, ஒரு நோட்டுப் புத்தகம். அறுவடையின்போது கூடுதலாக அரை நாள். ஆண்டுதோறும் ஏக்கருக்கு 1,500 ரூபாயைத் தெரியாமலே இழப்பதைவிட இந்த அரை நாள் மலிவானது. தனியாகச் செய்ய இயலாதவர்கள் உழவர் மன்றத்திலோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திலோ சேர்ந்து செய்யலாம். இருபது பேர் தலைக்கு ஓர் இணைப் பட்டை விட்டால், ஒரே பருவத்தில் அந்த ஊருக்கென்று நம்பத்தக்க விடை கிடைத்துவிடும்.

இன்னொரு சாரார், இவை அனைத்தும் ஏமாற்று வேலை, தொடவே வேண்டாம் என்கின்றனர். அதுவும் அளக்காமல் சொல்லும் கூற்றே. உலகின் பிற நாடுகளும் இத்துறையை ஏற்றுக்கொண்டுள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு உர ஒழுங்குமுறை, 2022 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தபோது, சூழல் நெருக்கடியைத் தாங்கும் திறனைக் கூட்டுவதை ஊக்கியின் பணிகளுள் ஒன்றாகச் சேர்த்தது. நல்ல பொருளைப் போலிகள் கெடுத்துவிடாமல் காப்பதற்கும் சோதனைதான் வழி.

முதலில் நிலம், பிறகு புட்டி

ஊக்கிக்குச் செலவிடுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. தொழுவுரமும் மக்கிய தழையும் சேர்ந்த மண் ஈரத்தைப் பிடித்துவைக்கும். மூடாக்கு, வரப்புயர்த்தல், பண்ணைக் குட்டை ஆகியவை மழைநீரை வயலிலேயே நிறுத்தும். விதையை நடுவதற்கு முன் ஊறவைத்து உலர்த்திக் கடினப்படுத்தும் முறை மானாவாரி நிலத்துக்கு ஏற்றது. சோளத்துக்கு 2 விழுக்காடு பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் 6 மணி நேரம் ஊறவைக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. ஹைதராபாத்தின் சந்தோஷ்நகரிலுள்ள மத்திய மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், அறுநூறுக்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்கு மழை பிந்தினால், இடையில் நின்றால், முன்கூட்டியே முடிந்தால் என்ன செய்ய வேண்டும் என்னும் மாற்றுத் திட்டங்களை வகுத்துத் தந்திருக்கிறது. அவற்றைப் படிக்கக் கட்டணம் இல்லை. இவற்றைச் செய்த வயலில் ஊக்கி கூடுதல் துணையாக நிற்கும். இவற்றைச் செய்யாத வயலில் அது தாங்கவியலாத பாரத்தைத் தாங்கச் சொல்லிப் பயிரை வற்புறுத்துவதாகும்.

தெளிக்கும் முறையிலும் அளவு வேண்டும். நண்பகல் வெயிலில் தெளித்த கரைசல் இலையில் ஊறுவதற்குள் உலர்ந்துவிடும். காலையோ மாலையோ தெளிப்பதே தகும். உயிருள்ள நுண்ணுயிர் கொண்ட திரவத்தைப் பூஞ்சாணக் கொல்லியோடு ஒரே டேங்கில் கலந்தால், காசு கொடுத்து வாங்கிய உயிரை நாமே கொன்றவராவோம். சொன்ன அளவுக்கு மேல் ஊற்றினால் மிகுதியான பலன் என்ற எண்ணமும் தவறானது.

கடனும் கணக்கும்

உழவர் கடன் அட்டைத் திட்டம் 1998ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் வழியே 3 லட்சம் ரூபாய் வரையிலான குறுகிய காலப் பயிர்க்கடன் 7 விழுக்காடு வட்டியில் கிடைக்கிறது. தவணை தவறாமல் திருப்பிச் செலுத்துவோருக்கு அது 4 விழுக்காடாகக் குறைகிறது. இந்த மலிவான கடனின் பயன், அது எதில் செலவிடப்படுகிறது என்பதைப் பொறுத்தது. பயன் தராத இடுபொருளில் போன ரூபாய் வயலிலிருந்து திரும்பி வராது; ஆனால் வங்கிக்குத் திரும்பி வந்தாக வேண்டும். அந்த இடைவெளியை நிரப்புவது பெரும்பாலும் பட்டறையில் வேலை செய்யும் தம்பியின் கூடுதல் நேரக் கூலியோ, வீட்டு நகையோதான்.

ஆகையால் வங்கிக் கிளைகள் உழவர் கூட்டங்களை நடத்தும்போது, கடன் விவரத்தோடு இந்தப் பட்டைச் சோதனையையும் எடுத்துரைப்பது நலம் என்று கருதுகிறேன். வட்டாரத்து உழவர்கள் எடைபோட்டுக் குறித்த எண்களைக் கூட்டத்தில் பகிர்ந்துகொள்ளச் செய்தால், எந்தப் புட்டி அந்த மண்ணுக்கு உதவியது, எது உதவவில்லை என்பது இரண்டு மூன்று பருவங்களில் தெளிவாகிவிடும். அந்தத் தெளிவு கடன் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒருங்கே காப்பாகும். தரமான ஊக்கியைத் தயாரிப்பவருக்கும், அதற்காக மண்டபம் கடலில் மிதவை கட்டுபவருக்கும் அது நிலையான சந்தையைத் தரும்.

ஊரிலுள்ள நிலத்துக்குப் பணம் அனுப்பும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பருவத்துக்கான தொகையை அனுப்பும்போது, "எந்த டானிக் வாங்கினாய்?" என்று மட்டும் கேட்க வேண்டாம். "தெளிக்காத பட்டை எங்கே விட்டிருக்கிறாய்? அதில் எடை எவ்வளவு வந்தது?" என்றும் கேளுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். வயலில் போடுவதற்கு அந்த அறிவுரை இன்னும் பொருந்தும்.